பத்தாவது முன்மொழிபவர்

தாம்பரம் தொகுதியைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று எங்கள் காலனியில் ஒரு கேலி உண்டு. கேட்டால் காபி ஆறிவிடும். 1977இல் இருந்து ஒவ்வொரு தேர்தலிலும் யார் நின்றார்கள், யார் இரண்டாவது வந்தார்கள் என்பதை நான் சேர்த்து வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்து எல்லைகளை மாற்றி வரைந்து, பல்லாவரத்தையும் சோழிங்கநல்லூரையும் தனித் தொகுதிகளாக்கியது 2008 மறுவரையறை. அந்த இரண்டும் முதல் சட்டமன்றத் தேர்தலைக் கண்டது 2011இல். இதையெல்லாம் குடியிருப்போர் சங்கத்தின் மாத இதழில் தொடராக எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் குறைவு, பாராட்டியவர்கள் அதிகம்.

ஆகவே கணக்கு டீச்சர் சுயேச்சையாக நிற்கப்போவதாக முடிவு செய்ததும் முதலில் என்னிடம்தான் வந்தார். சிட்லபாக்கம் பக்கத்தில், நாங்கள் முன்பு குடியிருந்த தெருவுக்கு அடுத்த தெருவில் இருப்பவர். தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார். 2015 வெள்ளத்தில் அவர் வீட்டின் கீழ்த்தளம் மூழ்கியது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு மழைக்கும் தெருத் தண்ணீர் வாசற்படி ஏறுகிறது. மனு கொடுத்து, கொடுத்த மனுவைப் பற்றி இன்னொரு மனு கொடுத்து அலுத்துப் போயிருந்தார்.

“ஜெயிக்கறதுக்கு நிக்கல சார்,” என்றார். “நான் மனு குடுத்தா வாங்கி வெச்சுக்கறாங்க. கேண்டிடேட்னு ஆயிட்டா ரெண்டு வாரமாவது கூட நிக்கறவங்க எனக்கு பதில் சொல்லியாகணும் இல்ல? மைக் பிடிச்சு, கால்வாய் எங்க போய் முடியுதுன்னு ஒரே ஒரு கேள்வி கேக்கணும். அவ்வளவுதான்.”

அவர் கணவருக்கு இதில் விருப்பமில்லை. இந்த ஒரு முறை மட்டும், இனிமேல் இந்தப் பேச்சே வரக்கூடாது என்று சொல்லித்தான் சம்மதித்திருந்தார். பள்ளியிலும் சம்பளமில்லாத விடுப்பு கொடுத்து, திரும்பி வரும்போது பத்தாம் வகுப்பு கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். இவ்வளவையும் விட்டுக்கொடுத்து அவர் கேட்டது வேட்பாளர் பட்டியலில் ஓர் இடம்.

சுயேச்சையாக நிற்பவரை அதே தொகுதியின் வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். பத்தில் ஒருவர் வெளித்தொகுதி என்றாலும் வேட்புமனு செல்லாது. இதை நான் டீச்சருக்கு விளக்கி, பத்துப் பேரைத் திரட்டும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். அப்போது எனக்கு இருந்த உற்சாகத்தை இன்று நினைத்தால் கூசுகிறது. வீடு வீடாகப் போனேன். ஒவ்வொருவரின் வாக்காளர் அட்டையையும் வாங்கி, புதிய பட்டியலில் அவர்கள் பெயரைத் தேடி, பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் இரண்டு முறை சரிபார்த்தேன்.

பத்தாவதாக ஒப்புக்கொண்டவர் வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற நண்பர். அவருடைய பெயரைத் தேடியபோது அது சோழிங்கநல்லூரில் இருந்தது. மகன் வீட்டுக்குப் போய் ஒரு வருடம் இருந்தபோது மாற்றியது, திரும்பி வந்த பிறகு மறந்துவிட்டார். இதைச் சொல்லிவிட்டு நான் வந்திருக்கலாம். சொந்தத் தொகுதி எது என்றே தெரியாமல் படித்தவர்கள் இருக்கலாமா என்று அவர் மனைவிக்கு முன்பாகவே ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “தப்புதான், தப்புதான்,” என்றார்.

மறுநாள் மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள். மதியம் மூன்று மணிக்குள் கொடுத்தாக வேண்டும். புதிதாக ஆள் தேட நேரமில்லை என்பதால் நண்பரின் இடத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். என் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் எனக்கு மனப்பாடம். எதையும் பார்க்காமல் எழுதினேன். சட்டப்படி ஒருவர் நான்கு மனுக்கள் வரை கொடுக்கலாம். வேறு பத்துப் பேரை வைத்து இன்னொரு மனுவும் போட்டுவிடலாமா என்று டீச்சர் கேட்டார். ஒன்றைச் சுத்தமாகச் செய்தால் போதும் என்றேன்.

மனுக்களைப் பரிசீலிக்கும் நாளில் டீச்சரோடு நானும் போயிருந்தேன். அவருடைய கணவர் எங்களை இறக்கிவிட்டுவிட்டு காரோடு வெளியே நின்றார். தேர்தல் அதிகாரியின் மேசைக்கு எதிரே வரிசையாக நாற்காலிகள், கட்சிக்காரர்கள், வக்கீல்கள். பெயர் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். டீச்சரின் மனு வந்தபோது ஒன்பது பெயர்களும் தடையில்லாமல் போயின. ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பத்தாவதில் உதவியாளர் நிறுத்தினார். இந்த வரிசை எண்ணில் வேறு ஒருவர் பெயர் இருக்கிறது என்றார்.

பட்டியல் திருத்தத்தில் எண்கள் மாறியிருக்கும், என் அட்டை எண்ணை வைத்துத் தேடுங்கள் என்று நான் எழுந்து நின்று சொன்னேன். கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் என் அட்டையை வாங்கிப் பார்த்து, கணினியில் எண்ணைத் தட்டினார். பிறகு அட்டையை என்னிடம் கொடுக்காமல் அதிகாரியிடம் கொடுத்தார்.

“சார், உங்க பேரு பல்லாவரத்துல இருக்கு,” என்றார் அதிகாரி.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் தனி வீட்டை விட்டு, அஸ்தினாபுரம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறினோம். நடந்தால் பழைய தெருவுக்குச் சிறிது தூரம்தான். காய்கறி வாங்குவது, சங்கக் கூட்டத்துக்குப் போவது எல்லாம் பழைய காலனியில்தான். முகவரி மாற்றத்துக்கு நானே விண்ணப்பித்தேன், புதிய அட்டை வந்தது, படித்துப் பார்க்காமல் பர்ஸில் வைத்தேன். மனப்பாடமாக இருந்தவை பழைய வீட்டு எண்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குச்சாவடி வேறு பள்ளிக்கு மாறியிருந்தது. ஆனால் தாம்பரமும் பல்லாவரமும் ஸ்ரீபெரும்புதூர் நாடாளுமன்றத் தொகுதிக்குள்தான் வருகின்றன. அதே வேட்பாளர்கள், அதே சின்னங்கள். எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. இரண்டு தொகுதிகளுக்கும் நடுவே எல்லை எங்கே போகிறது என்று வரைபடம் போட்டுக் கட்டுரை எழுதியவன் நான். அந்தக் கோட்டை நானே தாண்டிப் போய்க் குடியேறியதை அந்த வரைபடத்தில் பார்க்கவில்லை.

டீச்சர் அதிகாரியிடம் கெஞ்சவில்லை. வேறொருவரைச் சேர்க்க முடியுமா என்று மட்டும் கேட்டார். தாக்கல் நேரம் நேற்றே முடிந்துவிட்டது என்று அதிகாரி வருத்தத்தோடுதான் சொன்னார். மனு நிராகரிக்கப்பட்டது. பின்வரிசையில் இருந்த ஒரு கட்சிக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

“இன்னாபா இது, கல்யாணத்துக்கு சாட்சி கையெழுத்து போட வந்தவரு பக்கத்து மண்டபத்து ஆளா கீறாரு.”

சிரித்தார்கள். டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. நிராகரிப்புக்கான காரணம் எழுதிய தாளுக்காகக் காத்திருந்து, வாங்கி, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார். வெளியே அவர் கணவர் எங்கள் முகங்களைப் பார்த்தே புரிந்துகொண்டார். என்னால்தான் என்று நான் ஆரம்பித்தேன். “வெயில்ல நிக்காதீங்க சார், ஏறுங்க,” என்றார். வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு வந்தேன். யாராவது திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பேன். என்னிடம் காரணங்கள் இருந்தன. யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“உங்களுக்குத் தெரியாதா? பட்டியல் திருத்தத்துக்கு வந்த ஃபார்ம்ல பல்லாவரம்னுதானே பிரிண்ட் ஆயிருந்துது. நான்தானே ரெண்டு பேருக்கும் எழுதிக் குடுத்தேன்.”

நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“உங்ககிட்ட போய் நான் தொகுதி சொல்றதா?”

அந்தப் படிவங்கள் வந்த நாட்களில் நான் வீட்டில் இல்லை. பழைய காலனியில் மேசை போட்டு, மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிரசாரம் தொடங்கி, எல்லாக் கட்சி வண்டிகளும் டீச்சரின் தெரு வழியாகப் போயின. கால்வாயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நேரில் போய்க் கேட்கும் தைரியம் இல்லை. அந்தத் தெருவைத் தவிர்த்து, காய்கறிக் கடைக்குச் சுற்றிக்கொண்டு போனேன். வங்கி நண்பர் ஒருநாள் எதிரே வந்துவிட்டார். நான் அவரிடம் சொன்ன வார்த்தைகளை அவர் எனக்குத் திருப்பிச் சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. அவரோ தக்காளி விலையைப் பற்றிப் பேசினார். ரொம்ப நேரம் பேசினார். நான் மன்னிப்புக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே பேசியதுபோல் இருந்தது. வாக்களிப்பு நாளில் பல்லாவரம் தொகுதியின் வரிசையில் நின்றேன். இயந்திரத்தில் இருந்த பெயர்களில் பாதியை அப்போதுதான் முதல் முறையாகப் படித்தேன்.

சங்க இதழுக்கு அந்த மாதக் கட்டுரையைக் கேட்டபோது, இந்தத் தேர்தலை நான் எழுதப் போவதில்லை, நான் அந்தத் தொகுதிக்காரன் இல்லை என்றேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு செயலாளர் சிரித்தார். நடந்ததை முழுவதும் சொன்னேன். அவருக்கும் சிரிப்பு நின்றது.

முடிவுகள் வந்து சில வாரங்கள் கழித்து டீச்சர் தன் கணவரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுத்து மாநகராட்சித் தேர்தல் வரும்போது வார்டில் நிற்கப்போவதாகச் சொன்னார். நான் அவர் கணவரைப் பார்த்தேன். ஒரு முறைதான் என்று சொன்னவர் அவர்.

“நின்னிருந்தாதானே சார் ஒரு தடவை?” என்றார் அவர். “அவ இன்னும் நிக்கவே இல்லையே.”

உடனே நான், வார்டு தேர்தலில் முன்மொழிய என்ன விதி, யாரைப் பிடிக்கலாம் என்று வேகமாகப் பேச ஆரம்பித்துவிட்டேன். டீச்சர் நான் மூச்சு விடும் இடத்துக்காகக் காத்திருந்தார்.

“அதெல்லாம் நானே பாத்துக்கறேன் சார்,” என்றார். குரலில் கோபம் இல்லை. வகுப்பில் ஒரு பையனை உட்காரச் சொல்லும் குரல். “நீங்க கூட வாங்க. நோட்டீஸ் குடுக்க ஆள் வேணும்.”

சரி என்றேன். எந்தெந்தத் தெரு என்று அவர்தான் சொல்லவேண்டும் என்றும் சொன்னேன்.