குக்கர் பரிசுக்குப் போய்ப் பட்ட பாடு

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் யாரிடமும் ஏமாந்ததில்லை என்ற கர்வம் உண்டு.

எங்கள் மல்காஜ்கிரி வீட்டில் பேரப்பிள்ளைகளே தெலுங்கில்தான் பதில் சொல்வார்கள். அதனால் போனில் ஒரு பெண், "சாப்டீங்களாம்மா?" என்று தமிழில் கேட்டதுமே மயங்கிவிட்டேன். குக்கர் பரிசாம், தம்பதியாக வரவேண்டுமாம். என் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு கச்சிபௌலி ஓட்டலுக்குப் போனேன்.

அங்கே பரிசைக் காணோம். பணம் கட்டிச் சுற்றுலாத் திட்டத்தில் சேரச் சொல்லி அதே பெண் விடாமல் பேசினாள். சாப்பாட்டு நேரம் தாண்டியது. சர்க்கரை நோயாளியான என் வீட்டுக்காரருக்குக் கை நடுங்கி வேர்த்துக் கொட்டியது.

"சாப்பாடு ரெடியாத்தாம்மா இருக்கு. அப்பா ஒரு கையெழுத்து போட்டுட்டா சாப்பிடப் போலாம்" என்று பேனாவை நீட்டினாள்.

"தூ! பசிச்ச மனுஷனுக்குச் சோத்தைக் காட்டியா கையெழுத்து வாங்குற? நீயெல்லாம் அம்மான்னு கூப்பிடாதே!" என்று கத்தினேன். நேரே சாப்பாட்டு மேஜைக்குப் போய், குலாப் ஜாமூனை எடுத்து வந்து அவர் வாயில் ஊட்டினேன். நடுக்கம் அடங்கியதும் ஆட்டோ பிடித்து வீடு வந்தோம். அருவருப்பு மட்டும் இன்னும் அடங்கவில்லை.

இப்போதெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் போனில் எவ்வளவு தேனாகத் தமிழ் பேசினாலும், இந்த ஊர்ப் பேச்சில், "நக்கோ! ஒண்ணும் வேணாம்" என்று வைத்துவிடுகிறேன்.