சீனிக்கு மேல் வைத்த தோசை

குகன் பனிச்சரிவில் அகப்பட்டுப் போய்விட்டான் என்ற செய்தி டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் வசந்தி வீட்டுக் குசினிக்கு வந்தபோது அங்கே இருந்தவர்கள்: அவன் பெரியம்மா நான், அவன் அக்கா வசந்தி, அவள் கணவன் சிவராசா, பெரியபிள்ளையாகிச் சடங்கு வைக்கவிருந்த அவர்களின் மகள் நிலா. அதற்கு முதல் நாள் குகனோடு தொலைபேசியில் கதை நடந்தபோதும் இதே நாலு பேர்தான். குகனின் இந்த நினைவு மலரில் நல்லது மட்டும் எழுதச் சொன்னார்கள். நடந்ததை எழுதுகிறேன்.

குகன் விபோர்க்கில் பஸ் ஓட்டினான். டென்மார்க்கில் மலை இல்லை. மாரிக் குளிர் தொடங்கியதும் பனிச்சறுக்குக்கு நோர்வேக்கு ஓடிவிடுவான்.

"அங்க என்னடா கிடக்குது?" என்று ஒருமுறை கேட்டேன். சாப்பாட்டுத் தட்டில் சீனியைப் பரவி, அதன் மேல் என் தோசையை வைத்துத் தட்டைச் சரித்தான். தோசை அசையவில்லை. விரலால் ஒரு தட்டுத் தட்டினான். முழுத் தோசையும் வழுக்கி மேசையில் விழுந்தது.

"முதல் பனி கொஞ்சமா விழுந்து குளிருக்க கிடந்தா, இந்தச் சீனி மாதிரி உதிரியாப் போயிடும், பெரியம்மா. பிறகு காத்து அள்ளிக்கொண்டு வந்து போடுற பனி அதுக்கு மேல பலகை மாதிரி இறுகும். மாரித் தொடக்கத்தில கொஞ்சப் பனிதானேயெண்டு நினைச்சுக் கால் வைக்கிறவன்தான் போறவன்."

"தோசைக்குக் காசு வைச்சிட்டுப் போ" என்றேன். சிரித்தான்.

நிலாவின் சடங்கில் தாய்மாமன் குகன் தண்ணீர் வார்க்க வேண்டும். சடங்குக்கு இரண்டு நாள் முந்தி நோர்வே மலைக் குடிலிலிருந்து தொலைபேசி எடுத்தான். சிவராசா தொலைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அத்தான், விடிய விடியக் காத்து. சரிவில பனி ஏறிக் கிடக்குது. காட்டு வழியாச் சுத்தி வந்தா டென்மார்க் கப்பலைத் தவற விட்டிடுவன். சடங்கை அடுத்த கிழமை வைப்பமே?"

"கணுக்கால் அளவு பனிக்குப் பயந்து மாமன் வரேல்லையெண்டு சபை சிரிக்கட்டோ, மச்சான்? மண்டபம் எடுத்தாச்சு."

அடுத்த கிழமை வைத்தாலும் தனக்குச் சரி என்று நிலா டேனிஷில் சொன்னாள். சிவராசா அவளை வாயை மூடச் சொன்னார். "குகன் சொல்லுறதைக் கேளும்" என்றேன் நான்.

"பள்ளிக்கூடம் போகாத நீங்களோ மாமி பனியைப் பற்றிக் கதைக்கிறது?" என்று சிவராசா என்னைக் கேட்டார்.

வசந்தி பாத்திரம் கழுவிக்கொண்டே நின்றாள். பிறகு குகன், "சரி, வாறன்" என்றான்.

கூடப் போன டேனிஷ்காரன் காட்டு வழியைப் பிடித்தான். குகன் மாமன் முறையைச் சுமந்துகொண்டு சரிவின் குறுக்கே போனான். பனி சரிந்து குகன் செத்துப்போனதை அடுத்த நாள் அந்த டேனிஷ்காரன்தான் தொலைபேசியில் சொன்னான். அதைக் கேட்டதும் சிவராசாவின் வாயிலிருந்து வந்த முதல் சொல்: "அப்ப மண்டபத்துக்கு என்ன சொல்லுறது?"

செத்த வீட்டில் அதே வாய், "மலை கொன்று போட்டுது" என்று ஊருக்குச் சொல்லி அழுதது. மலை தொலைபேசியில் கதைக்கவில்லை.

அந்தத் தட்டு என்னிடம் இருக்கிறது. நிலா கேட்கும்போதெல்லாம் சீனி பரவி, தோசை வைத்துக் காட்டுவேன். வசந்தியோடு எனக்குக் கோபமில்லை. மன்னிக்கச் சொல்லி ஒருவரும் என் வாசலுக்கு வர வேண்டாம். நான் மன்னிக்காத ஆள் ஒருவர்தான்: சிவராசா.