கேட்காமல் கொடுத்த தூக்கம்

சாத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. பெண்வீட்டார் எங்களுக்கு நெருங்கிய சொந்தம் என்பதால் நான் ரச வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போய்க்கொண்டிருந்தேன். நடுவரிசையில் என் மாமனார் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, காலையில் நான் தேய்த்துக் கொடுத்தது. பக்கத்து இலைக்காரர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னார்: “முப்பது வருசமா ராத்தூக்கம்னா என்னன்னே தெரியாதவன் நான். இப்ப ஒம்பது மணிக்குப் படுத்தா விடியத்தான் முழிப்பு. எல்லாம் எம் மருமக கைப் பாலு. ஜாதிக்காய இழைச்சுப் போட்டுக் காய்ச்சிக் குடுக்கா. அம்புட்டுத்தான்.” எதிர்வரிசையில் இருந்த அத்தை ஒருத்தி என்னை நிமிர்ந்து பார்த்து, “குடுத்து வச்சவருய்யா நீரு” என்றாள். நான் ரசம் ஊற்றுவதுபோலக் குனிந்துகொண்டேன். ரசம் இலையைத் தாண்டி யாருடைய வேட்டியிலோ விழுந்தது. அந்தப் பாலில் ஜாதிக்காயோடு அரைத் தூக்க மாத்திரையும் கரைந்திருந்தது. என்னைத் தவிர யாருக்கும் அது தெரியாது. குடித்தவருக்கும் தெரியாது.

மாமா திருத்தங்கலுக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ராக்காவல்காரராக இருந்தவர். பகலில் ஆட்கள் நிறைந்திருக்கும் அந்த வளாகத்தில் ராத்திரி அவர் ஒருவர்தான். பீடி கிடையாது, தீப்பெட்டி கிடையாது. மணிக்கு ஒரு தரம் எல்லா ஷெட்டையும் சுற்றி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மூக்கை உயர்த்தி வாடை பிடிப்பார். விடிந்ததும் வீட்டுக்கு வந்து பழைய சோற்றின் நீச்சத் தண்ணியைக் குடித்துவிட்டுப் படுத்தால் மத்தியானம்தான் எழுந்திருப்பார் என்று என் கணவர் சொல்வார். என் மாமியார் இறந்த பிறகு, வயதும் ஆகிவிட்டதென்று வேலையை விட்டுவிட்டு, விருதுநகரில் எங்களோடு வந்து தங்கினார். வேலையைத்தான் விட்டார். ராத்திரி அவரை விடவில்லை.

பத்து மணிக்கு மேல் எழுந்துகொள்வார். கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பார். சிலிண்டரைத் திருகிப் பார்ப்பார். சாமி படத்தின் முன்னால் அணைந்து கிடக்கும் ஊதுபத்திக் குச்சியின் மேல் தண்ணீர் ஊற்றுவார். சார்ஜில் போட்ட செல்போனைப் பிடுங்கி வைப்பார். ஒருநாள் ஃபிரிட்ஜையும் பிடுங்கிவிட்டார். காலையில் பால் திரிந்து கிடந்தது. மணிக்கு ஒரு தரம் எங்கள் அறைக் கதவைத் திறந்து கொசுமருந்து சுவிட்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். என் கணவர் லாரி ஓட்டுபவர். சீசன் தொடங்கிவிட்டால் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விடுவார். திரும்பிவரப் பத்துப் பதினைந்து நாளாகும். நானும் எட்டாவது படிக்கிற என் மகளும்தான் அந்தக் காலடிச் சத்தத்தோடு கிடந்தோம். “படுங்க மாமா” என்று சொன்னால் உடனே படுத்துவிடுவார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி தாழ்ப்பாள் கிரீச்சிடும்.

நான் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். அதற்கென்று டி.பார்ம் படித்தவள். மாத்திரை வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாதத்தில் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டேன். கசகசாவை அரைத்துக் கொடுத்தேன். சாயங்காலக் காப்பியை நிறுத்தினேன். ஜாதிக்காய்ப் பாலும் அப்போது தொடங்கியதுதான். வெறும் ஜாதிக்காயாக இருந்த காலத்தில் அது ஒன்றும் செய்யவில்லை. என் கணவர் இருக்கன்குடிக்குக் கூட்டிப்போய் மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுக்க வைத்தார். கடைசியாக, பகலில் தூங்குவதால்தான் ராத்திரித் தூக்கம் வரவில்லை என்று நானே முடிவுகட்டி, பகலில் அவர் விரித்துப் படுக்கும் பாயைச் சுருட்டிப் பரண் மேல் போட்டுவிட்டேன். “பகல்ல படுக்கக் கூடாது மாமா, அப்பத்தான் ராத்திரி வரும்.” சரி தாயி என்றார். அதற்குப் பிறகு பகல் முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். தலை தொங்கும், திடுக்கென்று நிமிர்வார், யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்ப்பார். அப்படி அவர் விழித்துப் பார்த்த பார்வை இப்போதும் எனக்கு முன்னால் நிற்கிறது. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. சொன்னதைக் கேட்கிறாரே என்று திருப்தியாக இருந்தது.

அந்த நாட்களில் கடையில் ஒரு காரியம் நடந்தது. காரியாபட்டிப் பெரியவர் ஒருவர் மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்க வருவார். தூக்கக் கலக்கத்தில் நான் அவருக்குச் சர்க்கரை மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவர் படி இறங்கிப் போய், அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். “ஏம்மா, நமக்கு எப்பவும் சின்ன மாத்திரையில்ல குடுப்பீக?” அட்டையை வாங்கி மாற்றிக் கொடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாதவர். மாத்திரையின் அளவை வைத்துத் தப்பித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே ஒரு டாக்டரிடம் போய் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பெயரில் சீட்டு எழுதி வாங்கி, அரை மாத்திரையைக் கரண்டிக் காம்பால் நசுக்கி மாமாவின் பாலில் போட்டேன். அவரிடம் கேட்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கேட்டால் வேண்டாம் என்றுவிடுவார் என்று பயந்தேனா? அதுகூட இல்லை. கேட்பதற்கு ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பத்து நிமிடம் என்னிடம் இல்லை. அன்று ராத்திரி வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. நான் ஏழு மணி நேரம் தூங்கினேன். காலையில் கண் விழித்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னால் இப்போதும் மறுக்க முடியாது.

சில மாதங்கள் அப்படியே ஓடின. அரை போதாமல் போனபோது ஒன்றாக்கினேன். காலையில் மாமாவுக்கு நாக்குக் குழறியது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். நடையில் ஒரு தள்ளாட்டம். வயதாகிறது என்றார் என் கணவர். எனக்குத் தெரியும். வேறு யாராவது தங்கள் வீட்டுப் பெரியவரைப் பற்றிக் கவுண்டரில் நின்று இதையே சொல்லியிருந்தால், “என்ன மாத்திரை குடுக்கீங்க?” என்றுதான் நான் முதலில் கேட்டிருப்பேன்.

ஒரு விடியற்காலையில் குளியலறைப் படியில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோனோம். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் கையில் பேனாவோடு கேட்டார்: “பெரியவர் தினமும் என்னென்ன மாத்திரை எடுக்கிறார்? தூக்க மாத்திரை ஏதாவது உண்டா?” என் கணவர் என் பக்கம் திரும்பி, “அவ மெடிக்கல்ல இருக்கா சார், அவளுக்குத்தான் தெரியும்” என்றார். எவ்வளவு நம்பிக்கையோடு திரும்பினார்! நான் சொன்னேன்: “பிரஷர் மாத்திரை மட்டும்தான் சார்.” கட்டிலில் வலியோடு கிடந்த மாமா இடையில் புகுந்தார். “தூக்க மாத்திரையெல்லாம் கெடையாது சாமி. எம் மருமக பால் குடுப்பா.” டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இரண்டு நாள் மாமா தன் நினைவில் இல்லை. கையை நீட்டிக் காற்றில் பூட்டை இழுத்தார். “நாலாம் நம்பரு பூட்டியாச்சு, அஞ்சாம் நம்பரு பூட்டியாச்சு” என்று கத்தினார். வயசானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி வருவதுண்டு என்றார் நர்ஸ். உண்டுதான். தினம் போட்ட மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலும் வரும் என்பது எனக்குத் தெரியும். மருந்தைத் தெரிந்துகொண்டால் அவர்கள் வேறு வகையில் பார்த்திருப்பார்கள் என்பதும் தெரியும். அந்த இரண்டு நாளில் எத்தனையோ தடவை நர்ஸ் மேஜை வரைக்கும் போனேன். ஒருமுறை, “சிஸ்டர், தண்ணி எங்கன பிடிக்கணும்?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரையைத் தொடவில்லை. முன்னறையில் கட்டில் போட்டு, வாக்கரைப் பக்கத்தில் நிறுத்தி, பகலில் பழையபடி நாற்காலியில் உட்காரவைத்து, ராத்திரி வெறும் ஜாதிக்காய்ப் பாலைக் கொடுத்தேன். ஆச்சரியம், மாமா சத்தமில்லாமல் கிடந்தார். எழுந்திருக்கவில்லை, கூப்பிடவில்லை. பழக்கம் மாறிவிட்டது என்று நானும் நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு மாதம் போயிருக்கும். விடிவதற்கு முன் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள், தெருவிளக்கு வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் திறந்திருந்தன.

“தூங்கலையா மாமா?”

“தூங்குனேனே. இப்பத்தான் முழிச்சேன்.”

குரலில் தூக்கமே இல்லை. நான் அங்கேயே நின்றேன். அவராகவே சொன்னார்: “பொரண்டு படுத்தாக் கட்டிலு சத்தம் போடும் தாயி. அதான் அசையாமப் படுத்துக்கிடுவேன். நீ வேலைக்குப் போற புள்ள.”

ராத்திரி முழுக்க விழித்தபடி, முறிந்த இடுப்போடு, என் தூக்கம் கெடக் கூடாதென்று கட்டை மாதிரிக் கிடந்திருக்கிறார். ஒரு மாதமாக. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு வாங்கியது, நசுக்கியது, அரை ஒன்றானது, டாக்டரிடம் சொன்ன பொய். நான் முடித்ததும் ஒன்றுதான் கேட்டார்.

“சாத்தூர் கல்யாணத்துல அம்புட்டுப் பேருக்கு முன்னால பாலு பாலுன்னு சொன்னேனே. அப்பயும் போட்டுத்தான் குடுத்தியா?”

“ஆமா மாமா.”

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். அழவில்லை. “எங்கிட்டக் கேட்டிருக்கலாமே தாயி. முழுங்குங்கன்னா முழுங்கிட்டுப் போறேன்” என்றார். பிறகு, எனக்கில்லாமல் தனக்கே சொல்வதுபோல, “முப்பது வருசம் அடுத்தவன் பொருளுக்குக் காவல் இருந்தேன். எங் கையில இருந்த தம்ளருக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கலையே” என்றார். பொழுது வெளுத்துக்கொண்டு வரும்போது மறுபடி பேசினார்: “அவன்ட்டச் சொல்லாத. ரோட்டுல வண்டி ஓட்டுறவன். மனசு கலங்கக் கூடாது.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பேன். அவர் திட்டவில்லை. அன்று காலை என்னால் செய்ய முடிந்தது, பரணிலிருந்து பாயை எடுத்துத் தூசு தட்டி அவருடைய கட்டிலில் விரித்ததுதான். “இனிமே பகல்ல படுங்க மாமா. ராத்திரி உங்க இஷ்டம்போல இருங்க.” அன்று காலையிலேயே தூங்கிப்போனார். வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஆட்டோ ஹாரன் அடித்தது. எதிர்வீட்டில் மாவு மில் ஓடியது. அவர் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டு மத்தியானம் வரை தூங்கினார். அவருடைய உடம்பு கேட்டது அவ்வளவுதான். ராத்திரியில் வாசல் கிரில்லுக்கு உள்ளே நாற்காலி போட்டு ரேடியோவைத் தாழ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நாளில் அந்தச் சத்தத்தில் நாங்களும் தூங்கப் பழகிவிட்டோம்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். நான் கொடுத்ததைச் சாப்பிட்டார், குடித்தார். முகம் சுளித்ததில்லை. ஆனால் என்னைப் பற்றி யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்கவில்லை. கெட்ட வார்த்தையும் இல்லை. வந்தவர்கள், “இன்னமும் மருமக பாலுதானா?” என்று கேட்டால், “அதெல்லாம் நிப்பாட்டியாச்சு” என்று சொல்லிவிட்டுத் தெருவைப் பார்ப்பார். நான் உள்ளே பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பேன். ஒருநாள் காலையில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

போன வருடம் என் கணவர் லாரியை விட்டு இறங்கினார். முதுகுவலி. இருபத்தைந்து வருடம் ராத்திரியில் வண்டி ஓட்டிய மனுஷனுக்கும் தூக்கம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, “அப்பாவுக்குக் காய்ச்சிக் குடுப்பியே, அந்தப் பாலை எனக்கும் குடேன்” என்றார். ஜாதிக்காய் தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். வெறும் பாலைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மாமாவே சொல்லாதே என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் என் கணவர் அதே நம்பிக்கையோடு என் பக்கம் திரும்பி நின்றார். நான் சொல்லிவிட்டேன்.

கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். “அப்பாவுக்குத் தெரியுமா?” என்றார். தெரியும் என்றேன். “டாக்டர் கேட்டப்ப நான் உன்னையத்தான பாத்துக்கிட்டு நின்னேன்?” என்றார். ஆமா என்றேன். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் திரும்பி வந்து, வைத்ததைச் சாப்பிட்டார். அந்தப் பேச்சை இன்றுவரை மறுபடி எடுக்கவில்லை.

அவரே போய் ஒரு டாக்டரைப் பார்த்தார். மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் கடையில் வாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் உள்ள கடையில் வாங்கி வருகிறார். ராத்திரி சாப்பிட்டதும் அட்டையைப் பிரித்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், தண்ணீர்ப் பானையும் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. என்னைத் தாண்டி வந்து, தண்ணீரை அவரே மொண்டுகொள்கிறார்.