செம்பிலாங் முள்ளும் என் ஐஸ் கட்டியும்

அன்றைக்குப் படகில் மூன்று பேர்: நான், என் அக்காள் கணவர், படகோட்டி அண்ணன். வழக்கமாக எங்களோடு வரும் நண்பன் வரவில்லை. தொழிற்சாலையில் அவனுக்கு ஓவர்டைம். பிடித்த மீனைத் தூண்டிலிலிருந்து கழற்றுவது எப்போதும் அவன் வேலை. இடுக்கியும் அவன் பையில்தான் இருக்கும். அது இல்லாமல் கிளம்புகிறோம் என்று காலையில் எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

போன வருடம், புரட்டாசி பிறக்க ஐந்து நாள் இருந்தபோது, ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் ஆறு கடலில் சேரும் இடத்தில் நடந்தது இது. புரட்டாசி வந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு மீன் கிடையாது. அதற்குள் ஒரு தடவை போய்விட வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அக்காள் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஈப்போவில் முடி திருத்தும் கடை வைத்திருக்கிறார். ஒற்றை ஆள், ஒற்றை நாற்காலி. விரதம் இருப்பவர்கள் அந்த மாதம் முழுக்க முடி வெட்ட மாட்டார்கள் என்பதால், அதற்கு முந்தைய மூன்று நாள் அவர் கடையில் நிற்கவும் இடம் இருக்காது.

"புதன்கெழமைனா வாரேன் மச்சான். வெள்ளி, சனி, ஞாயிறு என்னைக் கூப்பிட்டுறாத. தீபாவளி செலவே அந்த மூணு நாள்ல இருந்துதான் வரணும்" என்றார்.

அந்தப் பருவத்தில் விடியற்காலையில் மேற்கிலிருந்து காற்றும் மழையும் அடித்துவிட்டுப் போகும். அப்புறம் புகைமூட்டம். தண்ணீர் கலங்கிக் கிடக்கும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் பலமாக இருப்பதால் ஈயக்குண்டு தரையில் நிற்காது. அதனால் பௌர்ணமி கழிந்து ஓட்டம் தணிந்த நாளாகப் பார்த்து வைத்திருந்தேன். நீர் ஏறும் கடைசி இரண்டு மணி நேரம், உயிர் இறாலை மாட்டி, ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் சேருகிற கோட்டை ஒட்டி வீச வேண்டும். எல்லாம் கைப்பேசியில் நீர்மட்ட அட்டவணையைப் பார்த்து நான் போட்ட கணக்கு. கணக்கு பலித்தது. பத்து மணிக்குள் நல்ல சியாகாப் மீன் இரண்டு ஐஸ் பெட்டிக்குள் கிடந்தன.

"தண்ணிக்கும் பரீட்சை எழுதிட்டு வந்திருக்கான்லா எங்க மச்சான்" என்று மாமா படகோட்டியிடம் பெருமை அடித்தார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

நீர் முழுக்க ஏறி ஓட்டம் நின்றது. அப்போது இரை அசையாமல் சேற்றில் கிடக்கும். செம்பிலாங் வந்து கடிப்பது அந்த நேரத்தில்தான். மீசை வைத்த, வழுவழுப்பான மீன். முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று விஷ முள். மாமாவின் தூண்டிலில் அது ஏறியது. இடுக்கியைத் தேடினார், இல்லை. துண்டைச் சுற்றிப் பிடித்தார். மீன் ஒரு துள்ளுத் துள்ளியது. வலது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முள் இறங்கிவிட்டது.

மாமா மீனை உதறிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே குந்திவிட்டார். கத்தரி பிடிக்கும் கை அது.

படகோட்டி அண்ணன் இயந்திரத்தைக் கிளப்பிக்கொண்டே, "இதுக்குச் சுடுதண்ணிதான் தம்பி. இங்க இல்ல. சீக்கிரம் கரைக்குப் போலாம்" என்றார்.

நான் அதற்குள் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளித் துண்டில் கட்டி மாமாவின் கையில் வைத்துவிட்டேன். "சூடு பட்டா வீக்கம் ஏறும்ணே. ஸ்கூல்ல முதலுதவி படிச்சிருக்கேன்" என்றேன். படகோட்டி அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரிலா" என்று திரும்பிக்கொண்டார்.

கரைக்கு ஐம்பது நிமிடம். மாமாவுக்கு வலி முழங்கைக்கு ஏறி, பிறகு அக்குள் வரை போனது. நடுவில் ஒரு தடவை, "ஐஸை எடுத்துறவா மச்சான்? இன்னும் கூடுற மாதிரி இருக்கு" என்று கேட்டார். வேண்டாம், அழுத்திப் பிடியுங்கள் என்றேன். அழுத்திப் பிடித்தார். "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று படகோட்டியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

காரை ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை எதிரே நிறுத்தியிருந்தோம். கார் கதவைத் திறக்கும்போதே மாமா வாந்தி எடுத்தார். தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"செம்பிலாங்கா?"

நான் தலையாட்டினேன்.

"அதைத் தூக்கிப் போடு தம்பி. ஐஸ் மீனுக்குப் போடுறது."

மாமாவை உள்ளே உட்கார வைத்து, தேத்தண்ணி அண்டாவிலிருந்து ஒரு பேசினில் சுடுதண்ணீர் பிடித்தார். பச்சைத் தண்ணீர் கலந்து, தன் முழங்கையை விட்டுப் பார்த்தார். பிறகு மாமாவின் இடது கையை அதில் வைக்கச் சொன்னார். "குத்துன கைக்குச் சூடு தெரியாது. இந்தக் கை தாங்குச்சுனா அதை வைங்க. வெந்துறக் கூடாது." ஆற ஆறத் தண்ணீரை மாற்றினார். மேசையில் ஆட்கள் கூப்பிட்டார்கள். "இருங்கலா, மனுசன் துடிக்கிறாரு" என்று அதட்டினார்.

கால் மணி நேரம் போயிருக்கும். மாமா முதல் தடவையாக மூச்சை நன்றாக இழுத்துவிட்டார். "பாதி போயிருச்சு மச்சான்" என்றார். அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷத்தை விட வெட்கம்தான் அதிகமாக வந்தது.

கடைக்காரர் இரண்டு தேத்தண்ணிக்கு மட்டும் காசு வாங்கினார். முள் நுனி உள்ளே இருக்கலாம், கிளினிக்குக்குப் போங்கள் என்று வழியும் சொன்னார். அவர் சொன்னபடியே அரிசி அளவு முள் ஒன்றை எடுத்தார்கள். சுடுதண்ணீர்தான் சரி, ஐஸ் இந்த விஷத்துக்கு உதவாது என்றார் டாக்டர். எப்படியிருந்தாலும் ஒரு வாரம் கத்தரி பிடிக்கக்கூடாது என்றும் சொன்னார்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மாமா கையில் கட்டோடு தன் நாற்காலியிலேயே உட்கார்ந்து, வந்தவர்களை அடுத்த தெருக் கடைக்கு அனுப்பினார். வீட்டில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. "அவருதான கையால பிடிச்சாரு, நீ என்னடா பண்ணுவ" என்றாள் அக்கா.

தீபாவளி முடிந்து மறுபடி போனபோது என் பையில் இடுக்கியும் ஒரு ஃபிளாஸ்க்கும் இருந்தன. "தேத்தண்ணியா தம்பி?" என்றார் படகோட்டி அண்ணன். "சுடுதண்ணிணே. அன்னைக்கு நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "இன்னைக்கு எங்க போடலாம், நீயே சொல்லு" என்றார். நீங்கள் சொல்லுங்கள் என்றேன்.

படகு, கிளினிக், மூன்று நாள் கடை எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூறு மலேசிய வெள்ளி என்று அக்கா கணக்குச் சொன்னாள். அது அந்த மீன் வைத்த செலவு, ஆனால் என்னை நம்பி ஒரு மனிதர் ஐஸை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த ஐம்பது நிமிடம் நான் வைத்த செலவு.