தொகையைச் சொன்ன பிறகு

முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரித் துணியைத் துவைத்தவளை, ஓய்வு பெற்ற மறுமாதமே நன்கொடை கேட்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் சலவையக்கா. வாயில்லாப் பூச்சி என்று பெயர். அறக்கட்டளைக்கு அவளிடம் பிடித்துப்போனதே அதுதான்.

அந்த ஆஸ்பத்திரிக்கு முதலாளி கிடையாது. ஊரார் சந்தா போட்டுக் கட்டியது, முப்பது படுக்கை. நோயாளிகள் கட்டுகிற பணத்தில் சம்பளமும் மருந்தும் ஓடும். கூரை ஒழுகினாலோ மிஷின் பழுதானாலோ அறக்கட்டளைதான் கடை கடையாக ஏறி இறங்கவேண்டும். இருவர் இருவராகப் போவார்கள். போனில் கேட்பதில்லை. இன்ன தொகை வேண்டும் என்று ஒரே ஒருமுறை சொல்வது, சொன்னதும் வாயை மூடிக்கொள்வது. அதற்குமேல் முதலில் பேசவேண்டியவர் கொடுக்கிறவர். கேட்டவர் முந்திக்கொண்டால் தொகை பாதியாகிவிடும். பன்னிரண்டு வருஷம் பட்டுத் தெரிந்துகொண்ட வழி இது.

இதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவர் அறக்கட்டளைத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பெரியசார். அதைக் கடைப்பிடிக்க முடியாதவரும் அவர் ஒருவரே. நாற்பது வருஷம் வகுப்பெடுத்த மனுஷன். எதிரே இருப்பவர் பேசாமல் இருந்தால், பாடம் புரியவில்லை என்றுதான் அவருக்குத் தோன்றும். உடனே எளிமையாக்கிவிடுவார். இரண்டு லட்சம் என்று கம்பீரமாகச் சொல்வார். பத்து நொடி போகும். இல்ல, உங்களால முடிஞ்சது குடுத்தாப் போதும் என்பார். முடிந்தது ஐந்தாயிரமாக வரும். தெருவுக்கு வந்து தலையில் அடித்துக்கொள்வார்.

சலவையக்கா அவரோடு ஆறு இடம் போனாள். ஆறிலும் இதே கதை. ஏழாவது இடத்தில் அவளைப் பேசவிட்டார்கள். மரக்கடைக்காரரிடம் தொகையைச் சொன்னாள், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மரக்கடைக்காரர் கூரையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், கடைசியில் செக் புத்தகத்தைத் தேடினார். பாய்லரில் ஆவி ஏறக் காத்துக் காத்தே பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு, ஒரு மனுஷன் வாய் திறக்கக் காத்திருப்பது பெரிய வேலையாகத் தெரியவில்லை.

அந்த வருஷம் ஆட்டோகிளேவ் போனது. ஆப்பரேஷன் கத்தியையும் துணியையும் ஆவியில் வைத்துக் கிருமியைக் கொல்லும் பெரிய இரும்புப் பெட்டி அது. சோதனைக்கு வந்த அதிகாரி உள்சுவரில் விரிசல் கண்டு சீல் வைத்துவிட்டுப் போனார். அது இல்லாமல் ஆப்பரேஷன் தியேட்டரைத் திறக்க முடியாது. சிக்கலான பிரசவம் எல்லாம் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. புது மிஷின் பதினெட்டு லட்சம். உண்டியல், சந்தா, கடைத்தெரு எல்லாம் சேர்த்து ஆறு தேறியது. பணம் முழுக்கக் கட்டினால்தான் கம்பெனிக்காரன் அனுப்புவான், வந்து சேர ஆறு வாரம்.

சலவையக்காவுக்கு ஒரே மகள். முதல் பிள்ளையை அந்தத் தியேட்டரில்தான் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். இப்போது இரண்டாவது. டாக்டர் குறித்த நாளுக்கு இன்னும் எட்டு வாரம் இருந்தது. மிஷின் அதற்குள் வரவேண்டுமானால் இரண்டு வாரத்துக்குள் பன்னிரண்டு லட்சம் வேண்டும். ஊரில் அவ்வளவையும் ஒரே கையெழுத்தில் கொடுக்கக்கூடியவர் லாரி முதலாளி ஒருவர்தான்.

அவர் ஆபீஸ் மாடியில். டயர் வாசனை, சுவர் நிறைய நம்பர் போட்ட சாவிக்கொத்துகள், நடுவில் ஒரு கண்ணாடி மேஜை. பெரியசாரைப் பார்த்ததும் பழைய மாணவனாக எழுந்து நின்றார். பிறகு முதலாளியாக உட்கார்ந்தார். அறக்கட்டளையைச் சேர்ந்தவங்க என்று மட்டும் சார் சலவையக்காவைக் காட்டினார்.

"பன்னெண்டு லட்சம் வேணுங்க. ஆட்டோகிளேவ் வாங்கணும்," என்றாள் அவள்.

கீழே ஒரு லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எவனோ வா, வா என்று பக்கவாட்டில் தட்டினான். முதலாளி பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். பெரியசாரின் முழங்கால் ஆடத் தொடங்கியது. தொண்டையைச் செருமினார். சலவையக்கா சத்தம் காட்டாமல் அவர் காலை ஓங்கி மிதித்தாள். மேஜை கண்ணாடி என்பதை மறந்துபோனாள்.

"அவரு கால ஏன் மிதிக்கிறீங்க?" என்றார் முதலாளி.

"பேசிடுவாருன்னுதாங்க."

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. உதடு வரை வந்து நின்றுவிட்டது. பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த ஆஸ்பத்திரிக்கு நான் எதுக்குக் குடுக்கணும்? எங்கப்பா அங்கதான் செத்தாரு. கடைசி மூணு நாளும் கறை விரிப்புல கெடந்தாரு. யாரோட ரத்தமோ. மாத்துங்கன்னு சண்ட போட்டேன். மாத்துனாங்க. அதுலயும் கறை."

பெரியசார் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். சலவையக்கா அதற்குள் எந்த வருஷம், எந்த மாசம் என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் முகத்தில் ரத்தமில்லை. பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சார் இரண்டு வார்த்தை வருத்தம் தெரிவித்திருப்பார், காரியம் நடந்தாலும் நடந்திருக்கும்.

"அத வெளுத்தது நான்தாங்க. ரத்தம்னா மொதல்ல பச்சத் தண்ணியில ஊறப்போடணும். விரிப்பு பத்தலன்னு வார்டுல அவசரப்படுத்துனாங்க. நான் ஊறவைக்காம நேரா கொதிக்கிற தண்ணியில போட்டுட்டேன். கறை அப்படியே வெந்து புடிச்சுக்கிச்சு. நாப்பது விரிப்பு. கிருமி கெடையாது, சுத்தந்தான். ஆனா கறை போகல. புதுசு வாங்க வழியில்லாம அதையே நாலு வருஷம் விரிச்சோம். தப்பு என்னுதுதாங்க."

முதலாளி சாவிகள் தொங்கிய சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். போய்ட்டு வாங்க என்று அவளிடம் சொல்லாமல் சாரிடம் சொன்னார்.

படி இறங்கும்போது பெரியசாருக்குப் பொறுக்கவில்லை. ஏம்மா, அத ஒத்துக்கிட்டே ஆகணுமா என்றார். கேட்டாரே சார் என்றாள். சரி, உங்க பொண்ணு விஷயத்தையாவது சொல்லியிருக்கலாமே என்றார் அவர்.

"சொன்னா எனக்குப் பாவப்பட்டுக் குடுப்பாரு, சார். நாளைக்கு இன்னொருத்தி பொண்ணுக்கு யாரு போய்க் கேக்கறது?"

இரண்டு வாரம் போனது. மூன்றாவது வாரமும் போனது. மகள் எதுவும் கேட்கவில்லை. வெல்டிங் பட்டறை வேலை முடிந்து வரும் மாப்பிள்ளைதான், அத்தை, ஆளு ஏதாச்சும் சொன்னாரா என்று தினமும் கேட்டார். இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு வறண்டது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்துவைத்தார்கள்.

மூன்றாவது வாரக் கடைசியில் லாரி முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நேரே பின்கட்டுக்கு, சலவை அறைக்குப் போனார். புதிதாகச் சேர்ந்தவள் பயந்துபோய் எழுந்தாள். ஓரத்தில் ஒரு நீலத் தொட்டி தனியாக இருந்தது, மேலே சுவரில், ரத்தத் துணி முதலில் இதில் ஒரு மணி நேரம், யார் அவசரப்படுத்தினாலும், என்று பெயிண்டில் எழுதியிருந்தது. இது எப்போதிலிருந்து என்று கேட்டார். நாற்பது விரிப்பு பாழானதிலிருந்து, சலவையக்கா போட்ட சட்டம் என்றாள் அவள். முதலாளி வெளுத்த விரிப்பு அடுக்கிலிருந்து நாலைந்தை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடிக்கத் தெரியாமல் சுருட்டி வைத்துவிட்டுப் போனார்.

மாலையில் சலவையக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. பன்னிரண்டு லட்சத்துக்கு அறக்கட்டளை பெயரில் எழுதிய செக்கை நீட்டினார்.

"கோவம் போகல. அது வேற. இந்தாங்க."

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எனக்கும் எம்மேல போகலீங்க என்றாள்.

பணம் மறுநாளே கட்டியாகிவிட்டது. ஆறு வாரம் ஆறு வாரம்தான். குறித்த நாளுக்குப் பத்து நாள் முன்னாலேயே, ஒரு மத்தியானம், மகளுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரி வேனில் ஏற்றினார்கள். தியேட்டர் பூட்டியிருந்ததால் வேன் நிற்காமல் அதைத் தாண்டியே போனது. சலவையக்கா மகள் தலையை மடியில் வைத்திருந்தாள்.

"நீ வாங்கின மிஷின் எங்கம்மா?"

"கப்பல்ல வந்துக்கிட்டிருக்கு."

"அதுக்கென்ன, ராசாத்தி மாதிரி ஆடி அசைஞ்சு வரட்டும்," என்று மகள் பல்லைக் கடித்தபடி சிரித்தாள். நகரம் வருவதற்குள் அவளுக்கு நினைவு தப்பியது. பழைய தையல் உள்ளே விட்டுவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கர்ப்பப்பையை எடுக்கவேண்டியதாயிற்று. அரை மணி முன்னால வந்திருந்தா என்று தொடங்கிய டாக்டர், சலவையக்கா முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் போனார்.

மிஷின் இரண்டரை வாரம் கழித்து வந்து இறங்கியது. தியேட்டரைத் திறந்து போட்டோ எடுத்தார்கள். சலவையக்கா போகவில்லை, மகளைப் பார்த்துக்கொண்டு அவள் வீட்டிலேயே இருந்தாள். மூன்றாம் நாள் பெரியசார் அங்கே வந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். புது மிஷினில் முதல் ஆப்பரேஷன் அன்று காலையில் நடந்ததாம். செங்கல் சூளையில் வேலை செய்கிறவனின் மனைவி. இரண்டு பேரும் நலம்.

"எத்தன மணிக்கு வலி எடுத்துச்சாம்?" என்று கேட்டாள் சலவையக்கா.

"பத்துக்கு."

"தியேட்டருக்குள்ள?"

"பத்தே முக்காலுக்கெல்லாம் கொண்டுபோயிட்டாங்க."

உள்ளறையில் படுத்திருந்த மகளுக்கும் அது கேட்டது. அந்தப் பொண்ணுக்கும் மொதப் புள்ள ஆப்பரேஷன்தானா சார் என்று அங்கிருந்தே கேட்டாள். ஆமாம்மா என்றார் சார்.

"நல்லதாப் போச்சு," என்றாள் மகள். பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள்.