டிக் டிக் கேட்காத மத்தியானம்

இதைக் கட்டுக்கதை என்று சொல்லிப் பாருங்கள், காமாக்ஷிக்கு இன்றைக்கும் கோபம் பொத்துக்கொண்டு வரும். நடந்தது 1991இல். மைசூர் அக்ரஹாரத்தில், பட்டப்பகலில்!

அங்கே ஒரு இதய கிளினிக்கில் அவள் லேப் டெக்னீஷியன். செயற்கை வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவார்கள். அளவு மிஞ்சினால் ரத்தம் கசிந்தே ஆள் போய்விடும். அதனால் மாதாமாதம் ரத்தம் எடுத்து, உறைய எத்தனை விநாடி என்று பார்த்து, புதிதாக வந்த கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். திரையில் ஆளுக்கொரு கோடு ஓடும்.

அன்று, பஸ்ஸில் மூன்று மணி நேரம் தள்ளியிருக்கும் ஹனூரிலிருந்து லிங்கம்மா வந்தாள். இரண்டு வருடமாக வருகிறவள்.

"கையை நீட்டுங்கோ."

கை சில்லென்றிருந்தது. ரத்தம் எடுத்து, பிளாஸ்திரி ஒட்டி, வழக்கம்போல் அதன்மேல் சிவப்புப் பேனாவால் 'கா' என்று போட்டாள்.

அப்புறம்தான் உறைத்தது... லிங்கம்மா பக்கத்தில் வந்தாலே நெஞ்சில் வால்வு டிக் டிக் என்று கேட்கும். இன்று கேட்கவில்லை. தெருவில் ஆட்டோ சத்தம் அதிகம், அதனால்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ரத்தத்தைச் சுழற்றி, மருந்து சேர்த்து, ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினாள்.

லிங்கம்மாவுக்கு முப்பது விநாடியில் உறையும்.

முப்பது... அறுபது... நூறு...

தண்ணீராகவே ஆடியது.

கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பீப்... பீப்... கோடு விருட்டென்று திரையின் உச்சிக்கு ஏறியது.

"ஐயோ! மாத்திரையை இன்னிக்கே நிறுத்துங்கோ!"

"எங்கிட்டச் சொல்லி என்னங்க அம்மிணி? ஊட்டுக்குச் சொல்லுங்க."

திரும்பினாள்.

நாற்காலி காலி.

கம்ப்யூட்டரில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். லிங்கம்மாவின் புருஷன் மாதப்பன் எடுத்தான்.

"அவ செத்து இருவது நாளாச்சுங்களே..."

காமாக்ஷி திரையைத் திரும்பிப் பார்த்தாள். கோடு உச்சியிலேயே நின்றது; 'ஊட்டுக்குச் சொல்லுங்க' என்றது காதில் ஒலித்தது.

"அவா மாத்திரையை வேற யாராவது சாப்பிடறாளா?"

"கொழுந்தியா பசம்மா திங்கறாளுங்க. அவளுக்கும் நெஞ்சுப் படபடப்பு. எதுக்கு வீணாப் போவணும்னு... ரண்டு ரண்டா..."

"நிறுத்துங்கோ! உடனே அழைச்சுண்டு வாங்கோ!"

மறுநாள் காலை பசம்மா வந்தாள். ஈறெல்லாம் ரத்தம். டாக்டர் அவசரப்படுத்தினார். ரத்தம் எடுக்கக் காமாக்ஷி அவள் ரவிக்கைக் கையை மேலே தள்ளினாள்.

முழங்கை மடிப்பில் ஒரு பிளாஸ்திரி.

அதன்மேல் சிவப்பில் 'கா'.

"இ... இது யார் போட்டது?"

"தெரியலீங்க. நேத்து மத்தியானம் தூங்கி எந்திரிச்சேன்... இருந்துச்சுங்க."

பசம்மா பிழைத்துவிட்டாள்.

அன்றுவரை அவள் ஹனூரைத் தாண்டியதே இல்லை.