தபால்கார ஜூராகான் கட்டிய வீடு

கோச்கோர் ஊரில் எந்த வீட்டுக் கதவு முனகும், எந்த வீட்டு அடுப்பு புகையும் என்று கேட்டால் ஜூராகான் யோசிக்காமல் சொல்லிவிடுவாள். பத்தொன்பது வருஷமாக அங்கே தபால் கொண்டுபோகிறவள் அவள்தான். வயதானவர்களின் ஓய்வூதியத்தையும் கையில் கொடுக்க வேண்டியிருப்பதால் வாசலோடு திரும்ப முடியாது. உள்ளே உட்கார்ந்து ஒரு கிண்ணம் தேநீராவது குடித்தால்தான் விடுவார்கள். குடிக்கிற நேரத்தில் கண் சும்மா இருக்குமா? சுவரைப் பார்க்கும், ஜன்னலைப் பார்க்கும். இதை இப்படிக் கட்டியிருக்க வேண்டாமே என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொள்வாள்.

அதனால், நாற்பத்தாறாவது வயதில் சொந்தமாக வீடு கட்ட வாய்த்தபோது, எப்படிப்பட்ட வீடு வேண்டாம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

கணவன் குபாத் தலைநகர் பிஷ்கெக்குக்கு வேன் ஓட்டுகிறவன். "மேல தகரம், நடுவுல அடுப்பு. மத்ததெல்லாம் உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வண்டியேறினான்.

மே மாதம் தரை காய்ந்ததும் ஜூராகான் ஒரு வாளி சுண்ணாம்பைக் கரைத்து, காலி மனையில் முழு வீட்டையும் கோடாகப் போட்டாள். போட்டதோடு விடவில்லை. ஒரு வாரம் அந்தக் கோடுகளுக்குள்ளேயே குடித்தனம் நடத்திப் பார்த்தாள். அடுப்படியிலிருந்து விருந்தறைக்குக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு எத்தனை தடவை நடந்தாளோ! வேலை முடிந்து வந்த குபாத் ஒரு கோட்டைத் தாண்டி நேராக அவளிடம் வந்தான்.

"சுவத்துக்குள்ள பூந்து வர்றியே, நீ என்ன பேயா? வாசல் வழியா வா!"

அவன் திரும்பிப் போய் வாசல் வழியாக வந்தான். செருப்பைக்கூடக் கழற்றினான். வேலிக்கு அந்தப்புறம் நின்ற பக்கத்து வீட்டு அனார்குல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடியே, கதவைச் சாத்தி வைடி! ஆடு உள்ள வந்துடப்போவுது!"

வீடு கட்ட வந்தவர் உஸ்தா மாமாசாலி. உஸ்தா என்றால் மேஸ்திரி. தெற்கே ஓஷ் பக்கத்துக்காரர். இருபது வருஷமாக இந்த ஊர்க் கொத்தனார்.

"விருந்தறைக் கதவு உள்பக்கமாத் திறக்கணும், உஸ்தா. அனார்குல் வீட்டுல வெளிப்பக்கமாத் திறந்து, தட்டோட வர்றவங்க மூக்கைப் பேத்துடுது."

மாமாசாலி தொண்டையைச் செருமினார். "அது நான் போட்ட கதவு, அக்கா."

"ஓ! சரி, அடுப்பு. பள்ளிக்கூட வாட்ச்மேன் வீட்டு அடுப்பு மாதிரி வேண்டாம். மேல்காத்து அடிச்சா வீடெல்லாம் புகை."

"அதுவும் நான்தான்."

"மாட்டு டாக்டர் வீட்டுப் படி ஒண்ணு உசரம், ஒண்ணு தாழ்வு. அதை..."

"அக்கா, நான் கட்டாத வீடு ஏதாவது போய்ப் பாத்திருக்கீங்களா? அதுல ஒரு குறை சொல்லுங்க. என் மனசாவது ஆறும்."

ரோஷம் வந்துவிட்டது அவருக்கு. அன்றிலிருந்து ஒவ்வொரு கல்லையும் மூன்று தடவை மட்டம் பார்த்தார். மண் பூசுகிற அன்று தெருவே திரண்டு வந்து சேற்றை மிதித்தது. ஜூலைக்குள் சுவர் எழும்பிவிட்டது.

வம்பு, பைப்பு ரூபத்தில் வந்தது.

ஜூராகானின் மாமனார் பெய்ஷெம்பி. எழுபத்தெட்டு வயது, ஆயுசு முழுக்கக் குதிரை மேய்த்தவர். அந்தப் பெயருக்கு வியாழக்கிழமை என்று அர்த்தம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாமா? கல்யாணமாகி இருபத்து நாலு வருஷமாக ஜூராகானுக்கு வாரத்தில் வியாழனே கிடையாது.

"பைப்பு என்னைக்கு வருது, அக்கா?" என்று உஸ்தா கேட்டார்.

"புதனுக்கு மறுநாள்."

கிழவர் காதை நீட்டினார். "எதுக்குப் பைப்பு?"

"கக்கூஸுக்கு, அப்பா. வீட்டுக்குள்ளயே."

கிழவரின் கிண்ணம் பாதி வழியில் நின்றது. "சாப்பிடுற கூரைக்குக் கீழயே அதையும் பண்றதா? நாய்கூட படுக்குற இடத்தை விட்டுத் தள்ளிப் போகும்மா! நான் பழைய வீட்டுலயே கிடக்கிறேன். நீங்க போய் நாறுங்க."

மாமனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவளில்லை ஜூராகான். ஆனால் இருபத்து நாலு குளிர்காலம், முழங்கால் பனியில், மேல்கோட்டை மாட்டிக்கொண்டு முற்றத்தின் கோடிக்கு ஓடியவள். கிண்ணத்தை வாங்கித் தேநீர் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"நீங்க இல்லாத வீடு எனக்கு வேண்டாம், அப்பா. கக்கூஸ் இல்லாத வீடும் வேண்டாம்."

மூன்று வாரம் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இடையில் மாட்டிய குபாத், கூப்பிடாத சவாரிக்கெல்லாம் பிஷ்கெக் போய் வந்தான். கடைசியில் மாமாசாலிதான் கிழவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"பெரியவரே, ஒரே கூரைதானே உங்களுக்குப் பிடிக்கல?"

"ஆமா."

"கூரை வேறயா இருந்தா?"

கிழவர் தாடியைத் தடவினார். அது சம்மதம் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. உஸ்தா காத்திருக்கவில்லை. நடையின் கோடியில், பின்சுவரை ஒட்டி, தனிச் சுவர் வைத்து ஒரு சின்ன அறை கட்டினார். அதற்குத் தனித் தகரக் கூரை. இரண்டு கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. மழைத்தண்ணீர் உள்ளே இறங்காதபடி அதற்கடியில் ஒரு தகர வாய்க்கால்.

எல்லாம் முடிந்த அன்று கிழவர் ஏணி கேட்டார். ஜூராகான் பதறிப்போய்க் கீழே பிடித்துக்கொள்ள, அவர் மேலேறி, அந்த இடைவெளிக்குள் கையை முழங்கை வரை விட்டு ஆட்டிப் பார்த்தார்.

"ரெண்டு கூரைதான்" என்று தீர்ப்புச் சொன்னார். "குடி வர்றேன்."

செப்டம்பர் கடைசியில் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். மெத்தைகளும் கம்பளங்களும் வெயிலில் கிடந்து அடி வாங்கின. ஜூராகான் தபாலோடு அழைப்பையும் வீடு வீடாகக் கொடுத்தாள். அவள் சொன்ன குறைகளை மாமாசாலி தன் வாயோடு வைத்துக்கொள்ளவில்லை என்பது ஒவ்வொரு வாசலிலும் தெரிந்தது. "வர்றோம், வர்றோம். கண்ணாடி போட்டுக்கிட்டே வர்றோம்" என்றார் மாட்டு டாக்டர்.

குடிபோன அன்று, முதலில் பெரியவர் ரொட்டியைக் கையில் ஏந்தி வலது காலை வைத்தார். புது அடுப்பில் போர்சோக் என்கிற மாவுத்துண்டுகள் பொரிந்து, வீடு முழுக்க எண்ணெய் வாசம் ஏறியது. முற்றத்து அண்டாவில் ஆட்டுக்கறி கொதித்தது. விருந்தாளிகள் சாப்பிட உட்கார்ந்தால்தானே! டாக்டர் படியில் குதித்துப் பார்த்தார். வாட்ச்மேன் அடுப்பின் முன்னால் குந்தி மேல்காற்றுக்காகக் காத்திருந்தார். காற்று வந்தது, புகை வரவில்லை. அனார்குல் விருந்தறைக் கதவைப் பத்துத் தடவை திறந்து மூடினாள். பெரியவரோ வந்தவர்களையெல்லாம் பின்பக்கம் கூட்டிப்போய், தானே யோசித்துக் கட்டியதுபோல் இரண்டு கூரையையும் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஜூராகானுக்கு மூச்சு சீரானது. தனக்கென்று ஒரு கிண்ணம் தேநீரும் ஊற்றிக்கொண்டாள்.

"ஜூராகான்!" படுக்கையறையிலிருந்து அனார்குலின் குரல். "இங்க லைட்டு எப்படிடி போடுறது?"

அறைக்குள் சுவிட்ச் இல்லை. தேடினார்கள். வெளியே நடையில், எதிர்ச்சுவரில் இருந்தது.

அனார்குலின் முகத்தில் அப்படி ஓர் ஆனந்தம். "வாங்க, வாங்க, எல்லாரும் வந்து பாருங்க! படுத்தப்புறம் லைட்டை அணைக்க இவ ஊர்வலம் போகணும்!"

கூட்டம் நடையில் நெரிந்தது. எல்லாரும் மாமாசாலியைப் பார்த்தார்கள். அவர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அக்கா சுண்ணாம்புல கோடு போட்டாங்க, நான் அப்படியே கட்டினேன். கோட்டுல சுவிட்ச் இல்லியே."

ஜூராகான் முதலில் முகம் சிவந்தாள். பிறகு மெத்தைக் குவியலில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அழைப்பு கொடுத்த நாளிலிருந்து நெஞ்சில் இருந்த பாரம் அந்தச் சிரிப்போடு இறங்கிற்று.

"நாளைக்கே மாத்திடட்டுமா?" என்று குபாத் மெதுவாகக் கேட்டான்.

"ஒரு வாரம் போகட்டும். ஆசை தீரப் பேசிக்கட்டும், பாவம்" என்றாள் அவள். அனார்குலைக் கையைப் பிடித்து இழுத்து விரிப்பில் உட்காரவைத்து, முதல் கறித்துண்டை அவள் தட்டில் போட்டாள்.